நிழல் விழும் மூலைக்குக் குடைக் கோரை

பல வீடுகளில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கும். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படும், பிறகு நாள் முழுக்க நிழல். துவைக்கும் கல்லிலிருந்து வழியும் தண்ணீரால் மண்ணும் ஈரமாகவே இருக்கும். அங்கே ரோஜா சரியாகப் பூக்காது, புல்தரையும் நிற்காது. அந்த இடத்துக்கென்றே அமைந்த செடி குடைக் கோரை. நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்று கேளுங்கள். பெயரில்தான் பனை இருக்கிறது. செடி மடகாஸ்கரைச் சேர்ந்த கோரை. பத்தமடைப் பாய்க்கான கோரையும் இதுவும் சைபரஸ் என்ற ஒரே பேரினம்.

கோரை என்றதும் விவசாயக் குடும்பத்தினர் தயங்குவார்கள். வயலில் கோரைக்கிழங்கைப் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. அது மண்ணுக்கடியில் கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே ஓடும். ஒன்று தப்பினாலும் மறுபடி முளைக்கும். குடைக் கோரைக்கு அந்தக் கிழங்கு கிடையாது. குட்டையான கிடைத்தண்டிலிருந்து பக்கத்திலேயே புதுத் தண்டுகள் எழும்பி, தூர் பருக்கும். வேண்டாத பக்கம் வந்தால் மண்வெட்டியால் வெட்டி எடுத்துவிடலாம்.

நிழலைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அரை நிழல் இதற்குப் போதும். இருட்டு மூலையில் மட்டும் தண்டுகள் மெலிந்து வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். மண் காய்ந்தாலோ நுனிகள் உடனே பழுப்பாகும். மாமரத்தடியில் வைப்பதானால் மரத்தின் வேர்கள் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஓட்டையில்லாத தொட்டியில் நட்டு, அதை மண்ணில் பாதி புதைத்துவிடுங்கள். களிமண்ணோ வண்டலோ எதுவானாலும் சரி, கொஞ்சம் மக்கிய சாணம் கலந்தால் போதும். தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகாது. ஆனால் கொசு முட்டையிடும். ஆகவே தொட்டியில் மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்க விடாதீர்கள். பெரிய தொட்டியில் நீர் நிறுத்தித்தான் வளர்ப்பேன் என்றால் கப்பி மீன்களை விடுங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் செயற்கைச் சதுப்புகளிலும் இந்தச் செடியை நடுகிறார்கள். அதனால் துணி அலசிய தண்ணீர் பாய்வதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம்.

உச்சியில் குடையாய் விரிந்திருப்பவை இலைகள் அல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான இலைகள் தண்டின் அடியில் வெறும் உறைகளாகச் சுருங்கிவிட்டன. அதனால் தலை போன தண்டு மறுபடி தழைக்காது. பழுத்த தண்டை நடுவில் கத்தரிக்காமல் அடியோடு வெட்டுங்கள். தூரிலிருந்து புதியது வரும்.

புதுச் செடி உண்டாக்கும் விதம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். நன்றாக விரிந்த ஒரு குடையை, இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டுங்கள். செதில்களைப் பாதியாகக் கத்தரித்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் தலைகீழாக மிதக்கவிடுங்கள். மூடி வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். சில வாரங்களில் செதில்கள் கூடும் இடத்திலிருந்து வேரும் குருத்தும் கிளம்பும். வேர் பிடித்ததும் சேற்று மண்ணில் நடலாம்.

இது நாலைந்து அடி உயரம் வளரும். அடியில் பெரணியும் வண்ணச் சேம்பும் வைத்தால் அந்த மூலை நிறைந்துவிடும். வெள்ளைக் கோடுள்ள வகை வாங்கினால், முழுப் பச்சையாக வரும் தண்டுகளை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். இல்லையேல் பச்சையே மேலோங்கிவிடும். இதன் உறவுச் செடியான பாப்பிரஸ் பார்க்க இன்னும் அழகுதான், ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் கொத்துக் கொத்தாய்த் தெரியும் கேரெக்ஸ் என்ற கோரை வகைகளில் பெரும்பாலானவை குளிர்ப் பிரதேசச் செடிகள். நம் சமவெளிக்காக அவற்றைத் தேடி வாங்க வேண்டாம்.

ஓடை, வாய்க்கால், ஏரிக்கரைப் பக்கம் மட்டும் குடைக் கோரையைக் கொண்டுபோகாதீர்கள். ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் தோட்டத்திலிருந்து தப்பி நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. பூங்கொத்துகள் பழுப்பாகும்போதே, விதை உதிருமுன் வெட்டிவிடுங்கள். வெட்டியதைச் சாக்கடையில் போடாமல் நன்றாகக் காயவைத்துக் குப்பைக்குழியில் போடுங்கள்.