அலை ஓய்ந்த பின்னும்

நுழையும்முன்

பேரிடர் கடந்து சென்றபின் இடிந்த வீடுகளை எண்ணிவிடலாம். உடைந்த படகுகளையும் எண்ணிவிடலாம். உயிர் தப்பியவர்களின் உள்ளத்தில் நேர்ந்த சேதம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அச்சேதத்தின் இயல்பையும் அதிலிருந்து மீளும் வழியையும் அம்மீட்சியில் சுற்றியிருப்போர் ஆற்ற வேண்டிய பங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

கரையில் நின்ற அச்சம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா தீவுக்கருகே கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, சில மணி நேரத்தில் தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கடல் அன்றே தணிந்துவிட்டது, அச்சம் தணியவில்லை. படகுகள் பழுதுபார்க்கப்பட்ட பின்னரும் கடலுக்குள் செல்லத் தயங்கிய மீனவர்கள் இருந்தனர். அலையோசை கேட்டாலே அலறிய குழந்தைகள் இருந்தனர். தம் கையிலிருந்து நழுவிய பிள்ளையை எண்ணித் தம்மையே பழித்துக்கொண்ட தாய்மார்களும் இருந்தனர்.

இயல்பான எதிர்வினை

பேரிடருக்கு ஆளானோரிடம் சில மாற்றங்கள் பொதுவாகக் காணப்படுகின்றன. உறக்கம் கெடுகிறது, சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடுகிறது. கண்ட காட்சிகள் அழைக்காமலே நினைவில் வந்து நிற்கின்றன. சிலர் வாய்விட்டு அழுகின்றனர். சிலர் அழவும் இயலாது உறைந்துபோகின்றனர். ‘அவர்கள் இறக்க, நான் மட்டும் பிழைத்தேனே’ என்னும் குற்றவுணர்வு பலரை வாட்டுகிறது. சிறு குழந்தைகளோ, விட்டுவிட்ட பழக்கங்களுக்குத் திரும்புகின்றனர்: படுக்கையை நனைக்கின்றனர், தாயைவிட்டு அகல மறுக்கின்றனர்.

ஆபத்து நேர்கையில் உயிரைக் காப்பதற்காக மூளை உடலை விழிப்புநிலையில் வைக்கிறது. ஆபத்து நீங்கிய பின்னரும் அவ்விழிப்பு உடனே அடங்குவதில்லை. எனவே இம்மாற்றங்களைப் பைத்தியம் என்றோ கோழைத்தனம் என்றோ கருதுவது தவறு. இயல்புக்கு மாறான நிகழ்வுக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினைகள் இவை. பெரும்பாலோர்க்கு நாளடைவில் இவை தாமே குறைகின்றன. ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவ உதவி தேவைப்படும். அந்நிலை 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் தனிப்பெயருடன் இடம்பெற்றது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தப் பாதிப்பு என்று அதனைத் தமிழில் குறிப்பிடலாம்.

மனிதர் விளைவிக்கும் துயரம்

இயற்கையின் சீற்றத்தால் விளையும் துயரத்தோடு ஒப்பிட்டால், பயங்கரவாதத்தால் விளையும் துயரத்திற்கு மற்றொரு கூர்மை உண்டு. கடல் எவரையும் வெறுத்துக் கொல்வதில்லை. பயங்கரவாதியோ திட்டமிட்டே கொல்கிறான். அச்சத்தைப் பரப்புவதே அவன் நோக்கமாதலால், உயிரிழப்பு நிகழ்ந்த இடத்தையும் தாண்டி அதன் தாக்கம் பரவுகிறது. 2008 நவம்பர் 26இல் மும்பையில் தொடங்கிய தாக்குதல் 29ஆம் நாள் காலையில்தான் முடிவுக்கு வந்தது. தொடர்வண்டி நிலையம், விடுதி, உணவகம் என மக்கள் அன்றாடம் புழங்கிய இடங்களே இலக்காயின. அக்காட்சிகளை நாடே தொலைக்காட்சியில் கண்டது. இத்தகைய காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காண்பது, நேரில் பாதிக்கப்படாதவர்களின் மனத்தையும் கலக்கும். மேலும், ஒரு சிலர் செய்த கொடுமைக்காக ஒரு சமூகத்தையே ஐயுறும் போக்கும் தலைதூக்குகிறது. அது புதியதொரு காயத்தை உண்டாக்கும்.

உள்ளத்திற்கு முதலுதவி

உடற்காயத்திற்கு இருப்பதுபோல் உள்ளக்காயத்திற்கும் முதலுதவி உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, அதனைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்றாக வகுக்கிறது. யாருக்கு உடனடித் தேவை உள்ளது எனக் கவனிப்பது பார்த்தல். அருகமர்ந்து, அவர் சொல்ல விரும்புவதைக் குறுக்கிடாமல் செவிமடுப்பது கேட்டல். உணவு, உறைவிடம், மருத்துவம், உறவினர் ஆகியவற்றோடு அவரைச் சேர்ப்பது இணைத்தல். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பயிற்சியும் பொறுமையும் போதும்.

நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. ‘அழாதே’, ‘எல்லாம் விதி’, ‘உனக்காவது உயிர் மிஞ்சியதே’ என்பன ஆறுதல்போல் தோன்றினும் துயருற்றவரின் வாயை அடைத்துவிடும். நிறைவேற்ற இயலாத உறுதிமொழியும் நம்பிக்கையைக் கெடுக்கும்.

ஊர் கூடி மீளுதல்

பாதுகாப்பு, அமைதி, பிறரோடு தொடர்பு, தம்மால் இயலும் என்னும் உணர்வு, நம்பிக்கை ஆகிய ஐந்தும் மீட்சிக்கு அடிப்படை என்பர் உளவியல் அறிஞர். ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூருவிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனத்தின் வல்லுநர்கள் தமிழகக் கடலோரத்தில் பணியாற்றினர். ஊர்மட்டப் பணியாளர்களுக்கு உளவியல் ஆதரவளிக்கும் பயிற்சி வழங்கப்பட்டது. ஊரவரின் பேச்சும் வழக்கமும் அறிந்தவரிடமே துயருற்றோர் எளிதில் மனம் திறப்பர் என்பதே இதன் காரணம்.

பள்ளி மீண்டும் திறக்கப்படுவதும் குழந்தைக்கு மருந்தாகும். மணியோசையும் விளையாட்டும் உலகம் மீண்டும் ஒழுங்குக்கு வந்ததை அதற்கு உணர்த்துகின்றன. இலவசமாகப் பெறும் உணவைவிட, வலை பின்னவும் வீடு கட்டவும் கிடைக்கும் வேலை பெரியவர்களின் தன்மதிப்பைக் காக்கிறது. ஒரே தெருவில் வாழ்ந்தோரை ஒரே இடத்தில் குடியமர்த்துவதால் அண்டை அயலார் உறவு அறுபடாது நிற்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் கடலோர மக்கள் கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். உடல்கூடக் கிடைக்காத உறவினருக்காக ஊரோடு சேர்ந்து அழுவதற்கு அந்நாள் இடமளிக்கிறது.

மீட்சி என்பது மறதியன்று. இழப்பைச் சுமந்தபடியே வாழ்வைத் தொடரும் ஆற்றல் அது. அவ்வாற்றலைத் தனியொருவர் தமக்குள்ளிருந்து மட்டும் பெறுவதில்லை. அருகில் வந்து அமரும் தோழனும் அண்டைவீட்டாரும் ஆசிரியரும் அதற்குத் துணையாகின்றனர். துயரம் மிகும்போது மனநல ஆலோசனை பெற 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். உதவி கேட்பதும் மனவலிமையின் அடையாளமே.