இளையபெருமாள் கேட்ட மன்னிப்பு

வாலிவதம் முடிந்து, சுக்ரீவனுக்குப் பட்டாபிஷேகமும் ஆயிற்று. மழைக்காலம் தொடங்கிவிட்டபடியால், சீதாபிராட்டியைத் தேடும் பணி நான்கு மாதங்கள் தள்ளிப்போயிற்று. சுக்ரீவன் கிஷ்கிந்தைக்குச் சென்றான். இராமபிரானும் இளையபெருமாளும் மலைக்குகையில் தங்கினர். ஹம்பியில் கம்பிலி செல்லும் சாலையருகே உள்ள மால்யவந்த மலையே அந்த இடம் என்பது அவ்வூரார் நம்பிக்கை. விட்டலர் கோயிலைக் கண்டதோடு திரும்பிவிடும் யாத்ரிகர்கள், அம்மலைமீதுள்ள ரகுநாத சுவாமி ஆலயத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மழை ஓய்ந்தது, வானம் தெளிந்தது, கிஷ்கிந்தையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இழந்த அரசையும் மனைவியையும் மீட்டுத் தந்தவர் குகையில் துயருற்றிருக்க, பெற்றுக்கொண்டவன் மதுவும் களிப்புமாக அந்தப்புரத்தில் இருந்தான். இராமபிரானுக்கே கோபம் வந்தது என்பதை வால்மீகி முனிவர் மறைக்கவில்லை. வாலிக்கு நேர்ந்ததை நினைவூட்டும் கடுஞ்சொல்லையே அவர் நண்பனுக்குச் சொல்லியனுப்பினார். அதைக் கேட்ட தம்பியின் சினம் அண்ணனின் சினத்தையும் மிஞ்சியது. சுக்ரீவனைக் கொன்றுவிடுவதாகவே கிளம்பியவரைத் தடுத்து, பழைய நட்பை எண்ணி நயமாகப் பேசும்படி பெருமான் அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

சுக்ரீவன் கடமையை அறவே மறந்துவிடவில்லை. அநுமன் இடித்துரைத்ததன் பேரில், 15 நாட்களுக்குள் சேனை திரள வேண்டும் என்று நீலனுக்கு அவன் முன்பே ஆணையிட்டிருந்தான். அந்தச் செய்தி மட்டும் மலைக்கு வந்து சேரவில்லை. ஒரு வானரத்தை அனுப்பியிருந்தால் போதும். செய்யாதது ஒரு குற்றம். செய்ததைச் சொல்லாமலிருந்தது அதற்குச் சற்றும் குறைந்ததன்று. காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இளையபெருமாள் நகருக்குள் புகுந்ததும், அஞ்சிய சுக்ரீவன் தாரையை முன்னே அனுப்பினான். கம்பநாடர் இவ்விடத்தில் தாரையைக் கைம்பெண் கோலத்தில் நிறுத்துகிறார். அவளைக் கண்டதும் இலக்குவனுக்குத் தன் தாயர் நினைவு வந்து கண் கலங்குகிறது. வால்மீகியின் தாரையோ வாதத்தால் வெல்கிறாள். ஆனால் அவள் தணித்த கோபம், மகளிர் நடுவே அமர்ந்திருந்த சுக்ரீவனைக் கண்டதும் மறுபடி மூண்டது. நன்றி மறந்தவன் என்று இளையபெருமாள் அவனை அவன் மனைவியர் எதிரிலேயே சாடினார். தாரை மீண்டும் குறுக்கிட்டாள். விசுவாமித்திரரே கிருதாசியிடம் மயங்கிப் பத்தாண்டுகளை ஒருநாளாக எண்ணிவிட்டாரே, வானரனைக் குறை சொல்வானேன் என்று கேட்டாள். படைகளுக்கு அழைப்புப் போயிருப்பதையும் தெரிவித்தாள்.

சுக்ரீவன் தன் கழுத்திலிருந்த மாலையைப் பிய்த்தெறிந்தான். நம்பிக்கையாலோ அன்பாலோ எல்லை மீறியிருந்தால் பொறுக்க வேண்டும் என்றான். நுட்பமான சொல் இது. அயலாரிடம் காட்டும் கவனத்தை நெருங்கியவரிடம் நாம் காட்டுவதில்லை. அவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற உரிமைதான் காரணம்.

அதன்பின் நடந்ததைக் கதாகாலட்சேபங்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நியாயம் இளையபெருமாள் பக்கம். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் கேட்டும் ஆயிற்று. அவர் அத்துடன் நிறுத்தவில்லை. முதலில் சுக்ரீவனின் பெருமையை அவன் மனம் குளிரச் சொன்னார். துயரத்தில் ஆழ்ந்திருக்கும் நண்பனை வந்து தேற்றும்படி அழைத்தார். அண்ணன் சோகத்தில் பேசியதைக் கேட்டுத் தாம் கூறிய கடுஞ்சொற்களைப் பொறுத்தருள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வந்த காரணம் சரி என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை; சொன்ன சொல்லுக்கு மட்டுமே வருந்தினார். அவையில் ஏசியவர் அவையிலேயே பொறுக்கச் சொன்னார் என்பதும் கருதத்தக்கது.

இருவரும் ஒரே பல்லக்கில் மலைக்குச் சென்றனர். அடிபணிந்த சுக்ரீவனைப் பெருமான் எடுத்து நிறுத்தி, மார்போடு அணைத்து, அருகில் அமர்த்தினார். அரசன் காலத்தைப் பகுத்து வாழவேண்டிய முறையைச் சற்றே எடுத்துரைத்தார், பழையதைக் கிளறவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே எழுந்த புழுதி கதிரவனை மறைத்தது. வானர சேனை வந்துகொண்டிருந்தது.