ராஜா ஓடினார், சாமியார் ஓடவில்லை!
வைசூரி நோயாளிகளைக் காட்டிலிருந்து தூக்கி வந்தவர் கதை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வயசானவர்களிடம் "வைசூரி" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு கும்பிடு போடுவார்கள். பேச்சு அப்புறம்தான்.

வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் போதும். "அந்த வீட்ல அம்மை வார்த்திருக்கு" என்று தெருவே ஒதுங்கிப் போகும். நெசவாளி வீட்டுக்கு அது இரட்டை அடி. தறிக்குழியும் வீட்டுக்குள்ளேதான், நோயாளியின் பாயும் அங்கேதான். கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் உட்கார்ந்தால் நடக்காது. கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். ஒருவர் படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

வைசூரி இப்போது இல்லை. இந்தியாவில் 1975-ல் ஒழிந்தது. 1980-ல் உலகத்தை விட்டே போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பயம் போயிற்றா? அதுதான் இல்லை.

2020 மார்ச் 7-ந் தேதி, தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி என்று அறிவிக்கப்பட்டவர் காஞ்சிபுரத்துக்காரர்தான். அவர் குணமாகி வீடு திரும்பிவிட்டார். அடுத்த மாதம் சென்னையில் கொரோனாவுக்குப் பலியான ஒரு டாக்டருக்கு நடந்தது வேறு. உடலைப் புதைக்கப் போன இடத்தில் கல்லெறிந்தார்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. கடைசியில் இன்னொரு டாக்டர் ராத்திரியோடு ராத்திரியாக, தானே மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார்.

இதைப் படித்தபோது ஞாபகத்துக்கு வந்தவர்தான் நம் கதாநாயகர். ஊர், இலங்கையில் உள்ள கண்டி. காஞ்சி மாதிரியே கோயிலும் ஊர்வலமும் பேர்பெற்ற ஊர்.

பிச்சைக்கார வேடம்

அவர் பெயர் ஜோசப் வாஸ். 1651-ல் கோவாவில் பிறந்த கத்தோலிக்க குரு. அப்போது இலங்கைக் கரையோரம் டச்சுக்காரர் கையில் இருந்தது. கத்தோலிக்க குருக்கள் அங்கே கால் வைக்கக் கூடாது என்று தடை. பூசை வைக்க ஒரு சாமியார்கூட இல்லை என்று கேள்விப்பட்டார் வாஸ். அங்கியைக் கழற்றினார். கூலிக்காரன் வேடத்தில் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, 1687-ல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்.

போன வேகத்தில் சீதபேதி! தெரியாத ஊர். உறவு, சொந்தம் யாரும் கிடையாது. எப்படியோ பிழைத்தார். நாதியில்லாமல் படுத்துக் கிடப்பது என்றால் என்ன என்று அன்றைக்கே உடம்பில் தெரிந்துகொண்டார் போலும்.

எழுந்ததும் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறதோ அவர்கள் வேதக்காரர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு யுக்தி. பலித்தது.

1692-ல் கண்டிக்குப் போனார். "இவன் போர்ச்சுகீசிய உளவாளி" என்று யாரோ ராஜாவிடம் வத்தி வைத்தார்கள். பிடித்து உள்ளே போட்டார் ராஜா. மனுஷன் சும்மா இருக்கவில்லை. காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றுக்கொண்டார். நாளாக ஆகக் காவல் தளர்ந்தது.

காலியானது கண்டி

1697. கண்டியில் வைசூரி பரவியது.

ராஜா இரண்டாம் விமலதர்மசூரியர் பரிவாரத்தோடு ஊரைக் காலி செய்தார். பெரிய மனிதர்கள் பின்னாலேயே போனார்கள். உடம்பில் முத்துப் போட்டவர்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெற்றவர், பிள்ளை என்ற பேச்சே இல்லை.

அவர்களைத் திட்டி என்ன லாபம்? இங்கிலாந்தில் ஜென்னர் அம்மைப்பால் குத்தியது 1796-ல். அதற்கு இன்னும் 99 வருஷம் இருந்தது. அன்றைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஓட்டம்தான்.

வாஸ் ஓடவில்லை. கோவாவிலிருந்து வந்திருந்த கார்வாலோ என்ற குருவும் ஓடவில்லை. காட்டில் கிடந்தவர்களைத் தேடித் தூக்கி வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் ஆஸ்பத்திரி ஆயின. புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள். புத்த மதமா, வேதக்காரரா என்று கேட்கவில்லை. செத்தவர்களைத் தூக்க ஆள் வராததால் அடக்கமும் அவர்கள் வேலைதான்.

இந்தச் சாமியார் இல்லாவிட்டால் தெருவெல்லாம் பிணம் கிடந்திருக்கும் என்று ராஜாவே சொன்னாராம். உளவாளி என்று அடைக்கப்பட்டவருக்கு அதன்பிறகு ராஜ்யம் முழுக்கப் போய்வரத் தடையில்லை.

வாஸ் ஜெபித்து மழை பெய்தது என்றும் ஒரு கதை கண்டியில் உண்டு. நம்புகிறவர்கள் நம்பட்டும். முத்து வெடித்துச் சீழ் வடியும் உடம்பைத் தொட்டுத் துடைத்தாரே, எனக்கென்னவோ அதுவே போதும்.

1711 ஜனவரி 16-ந் தேதி கண்டியிலேயே கண்ணை மூடினார். 1995-ல் கொழும்பு வந்த போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14-ந் தேதி போப் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் பெருங்கூட்டத்தின் நடுவே அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

கண்டியில் அவரைப் புதைத்த இடம் எது என்று இன்றுவரை யாராலும் அடையாளம் காட்ட முடியவில்லை.