கையில் கேமரா, கண்ணில் கண்ணியம்

ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள்தாம் எடுக்க முடியும் என்றிருந்த நாளில், பொத்தானை அழுத்துமுன் எவரும் ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தார்கள். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் காசு கரைந்தது. படத்தைக் கழுவி எடுக்கும்வரை மனம் பதைத்தது. இன்று தபால்தலை அளவுள்ள மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கிவிடுகின்றன. செலவு குறைந்தது நல்லதே. ஆனால் செலவோடு சேர்ந்து சிந்தனையும் குறைந்துவிட்டதோ என்னும் ஐயம் எழாமலில்லை.

நம் இல்லங்களில் படிக்கும் பிள்ளைகள் பலர், "அத்தா, எனக்கு ஒரு கேமரா வேண்டும்" என்று கேட்கிறார்கள். உடனே தந்தை கேட்பது, "என்ன விலை?" பிள்ளை கடையில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" இவ்விரண்டுக்கும் முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதை எடுக்கப் போகிறாய்? யாரை எடுக்கப் போகிறாய்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதும் தெளிவாகிவிடும். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். (உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேமரா ஏற்கெனவே வீட்டிற்குள் வந்துவிட்டது. அதை எவ்வாறு கையாள்வது என்பதே இங்கு நம் பேச்சு.)

வைகைக் கரையில் ஒரு பாடசாலை

மதுரை ஆரப்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். வைகையின் தென்கரையில், நகரின் மேற்குப் பகுதியில் அமைந்த ஊர் அது. தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் செல்வோர் கூடும் பேருந்து நிலையம் அங்குண்டு. ஆவணியில் பிட்டுத் திருவிழா நடைபெறும் புட்டுத்தோப்பும் அங்கேதான். விடியற்காலையில் சாய்வாக விழும் வெயில், தேநீர்க் கடையின் ஆவி, மூட்டை இறக்கும் தொழிலாளி, வண்டி எண்ணைத் தேடும் மூதாட்டி என்று ஒரு படக்காரருக்கு வேண்டிய அனைத்தும் சில நூறு அடிகளுக்குள் அங்கே கிடைக்கின்றன. கலையைக் கற்க உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பயணம் போக வேண்டியதில்லை.

மதுரை கேமராவுக்குப் புதிய ஊருமன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலையும், திருமலை நாயக்கர் அரண்மனையையும், தெப்பக்குளத்தையும், வைகையின் குறுக்கே இருந்த தரைப்பாலத்தையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். இவ்வளவு பெரிய ஊரில் ஆட்களையே அதிகம் காணோம்! காரணம் எளிது. அக்காலக் காகித நெகட்டிவில் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆகும். நடந்து சென்றவர் படத்தில் விழவேயில்லை. கல் விழுந்தது, மனிதர் கரைந்து போனார்.

இன்று நிலைமை தலைகீழ். ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்து அதில் ஒரு கூறுக்குள் முகத்தைப் பிடித்துவிடுகிறது கேமரா. படம்பிடிக்கப்படுபவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அன்று மனிதரைப் பதிவு செய்யக் கருவிக்கு ஆற்றலில்லை. இன்று பதிவாகாமல் தப்ப மனிதருக்கு அவகாசமில்லை. இந்த மாற்றத்திற்குள்தான் படம் எடுப்பவரின் பொறுப்பு அனைத்தும் அடங்கியிருக்கிறது.

ஒளி எங்கிருந்து வருகிறது?

பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதமை நம் வாசகர்கள் அறிவார்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பண்டைய அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். "கிதாபுல் மனாஸிர்" என்னும் தமது நூலில் அக்கருத்தை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, இருட்டறையின் உட்சுவரில் விழும் ஒளிப்பொட்டுகளை ஆராய்ந்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. இன்றைய கேமராவும் துளையுள்ள ஓர் இருட்டறைதான்.

இதில் நமக்கொரு படிப்பினை உண்டு. படம் "எடுக்கிறோம்" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் நாம் எடுப்பதில்லை, பெறுகிறோம். எதிரே நிற்பவரிடமிருந்து புறப்பட்ட ஒளிதான் நம் கருவிக்குள் வந்து தங்குகிறது. பிறரிடமிருந்து பெற்று நம் வசம் இருப்பதை நாம் அமானிதம் என்போம். முகமும் அத்தகைய அமானிதமே.

எந்தக் கருவி?

முதலில் உங்கள் கைபேசியே போதும். மூன்று மாதம் அதிலேயே பழகுங்கள். "இருட்டில் படம் தெளிவில்லை, ஓடுபவர் கலங்கித் தெரிகிறார்" என்று குறைகள் உங்களுக்கே புலப்படும்போது தனிக் கேமராவைப் பற்றி யோசியுங்கள். தேவை தெரிந்தபின் வாங்கும் பொருளே வீட்டில் நிலைக்கும்.

மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 12 அங்குலத்திற்கு 8 அங்குல அளவில் ஒரு படத்தை நல்ல தரத்தில், அதாவது அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட, 3600-க்கு 2400 புள்ளிகள் போதும். அது ஏறத்தாழ 86 லட்சம் புள்ளிகள்; ஒன்பது மெகாபிக்சல்கூட இல்லை. இன்று கடையில் கிடைக்கும் 24 மெகாபிக்சல் கேமரா 6000-க்கு 4000 புள்ளிகள் தருகிறது. சுவரில் மாட்டும் படத்திற்கும் அது தாராளம்.

மெகாபிக்சலைவிடக் கவனிக்க வேண்டியது சென்சார், அதாவது ஒளியை வாங்கும் சில்லு. பழைய பிலிம் சட்டத்தின் அளவான 36-க்கு 24 மில்லிமீட்டர் சில்லுள்ளவற்றை "புல் பிரேம்" என்பர். சுமார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர் உள்ளவை "ஏபிஎஸ்-சி" வகை. சில்லு பெரிதானால் மங்கலான ஒளியிலும் படம் தெளிவாக வரும். ஆனால் கேமராவும் லென்ஸும் பெருத்து, விலையும் எடையும் ஏறிவிடும். பொழுதுபோக்காகப் பழகுபவருக்கு ஏபிஎஸ்-சி வகையே நடுநிலையான தேர்வு.

கண்ணாடி மடங்கி எழும் டி.எஸ்.எல்.ஆர். வகையைவிட, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையின் பக்கமே பெரிய நிறுவனங்கள் இன்று திரும்பியிருக்கின்றன. அதனால் நல்ல நிலையிலுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஓசையின்றிப் படம் எடுக்கும் வசதி உண்டு. எனினும் பெரும்பாலானவற்றில் அந்த முறையைக் கையாண்டால், வேகமாகச் செல்லும் பேருந்து சாய்ந்தாற்போல் விழும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பழைய கேமரா வாங்குவோர் நான்கு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்னும் எண்ணிக்கை. இரண்டு, லென்ஸை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சிலந்திவலை போன்ற பூஞ்சை தெரிகிறதா என்பது. மூன்று, வெள்ளைச் சுவரை லென்ஸின் துளையைச் சுருக்கி எடுத்த படத்தில் கரும்புள்ளிகள் உள்ளனவா என்பது. நான்கு, விற்பவரிடம் அசல் பில் இருக்கிறதா என்பது. பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். மலிவு என்பதற்காக அதைத் தொடாதீர்கள்.

லென்ஸும் நெருக்கமும்

லென்ஸ் தேர்வில்தான் ஒருவருடைய மனப்பாங்கு வெளிப்படுகிறது. நீண்ட டெலிபோட்டோ லென்ஸ் வாங்கினால் தூரத்தில் ஒளிந்து நின்று எவரையும் இழுத்துப் பிடிக்கலாம். பறவைக்கும் விளையாட்டுக்கும் அது உகந்தது. தெருவில் நிற்கும் மனிதருக்கு அது உகந்ததன்று. ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். புல் பிரேமின் 50 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் பரப்பைக் கிட்டத்தட்ட அது காட்டும். ஒருவர் முகம் சட்டத்தில் நிறைய வேண்டுமானால், பேசினால் கேட்கும் தூரத்திற்கு நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும். பேசும் தூரத்தில் நிற்பவர் பேசாமல் படமெடுப்பது அநாகரிகம் என்பது தானே விளங்கும். ஆகவே இந்தச் சிறிய லென்ஸ் படத்தை மட்டுமன்றிப் பண்பையும் கற்றுத் தருகிறது.

நடப்பவர் கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் விநாடியில் 250-இல் ஒரு பங்கு இருக்கட்டும். அதிகாலையில் ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தயங்காமல் உயர்த்துங்கள். பேருந்து நிலையப் புழுதியில் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

சட்டமும் சங்கடமும்

பொது இடத்தில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பதை நம் நாட்டில் பொதுவாகத் தடைசெய்யும் சட்டமில்லை. ஆனால் வரம்புகள் உண்டு. பெண் ஒருவர் தனிமையில் இருக்கும் நிலையை அவரறியாமல் படமெடுப்பதோ பரப்புவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்பை அவர் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ராணுவப் பகுதி போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களை 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் காக்கிறது. கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. பள்ளிவாசலாயினும் தர்காவாயினும் அரண்மனையாயினும், நுழையும் முன் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் நமக்குக் குறைவொன்றுமில்லை.

சட்டம் தடுக்காததெல்லாம் செய்யத்தக்கது ஆகிவிடுமா? கல்லூரிக்குப் போகப் பேருந்துக்கு நிற்கும் மாணவியை, "அழகான ஒளி" என்று ஓர் இளைஞர் படமெடுக்கிறார். தவறான எண்ணம் இல்லை. அதை வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். அங்கிருந்து அது கைமாறுகிறது. ஒருவன் கேலி வரி சேர்க்கிறான். மற்றொருவன் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு முகத்தை வேறோர் உடலில் ஒட்டுகிறான். செய்தி அவள் வீட்டை எட்டும்போது தண்டனை யாருக்கு? படமெடுத்தவருக்கன்று, பரப்பியவனுக்குமன்று. "இனிப் படித்தது போதும்" என்று நிறுத்தப்படுவது அந்தப் பெண்ணின் படிப்பாகவே இருக்கும். ஒரு பொத்தானின் அழுத்தத்தில் ஒருத்தியின் எதிர்காலம் தொங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: படத்தில் விழுந்தது பிள்ளையின் குற்றமன்று. அவளுடைய புத்தகப் பையைப் பறிக்காதீர்கள்.

எனவே கேளுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்கப் பெரிய துணிவு வேண்டியதில்லை. மறுத்தால் புன்னகையோடு நகருங்கள். கேட்க இயலாத கணத்தில் எடுத்துவிட்டால், பின்பு திரையைக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் முன்னிலையிலேயே அழியுங்கள். குழந்தையாயின் பெற்றோரின் இசைவு வேண்டும். இரப்பவர், போதையில் கிடப்பவர், அழுதுகொண்டிருப்பவர் ஆகியோரைக் காட்சிப் பொருளாக்காதீர்கள். இணையத்தில் இடுமுன், எடுத்த இடத்தைக் காட்டும் குறிப்பைப் படத்திலிருந்து நீக்குங்கள்.

அருகிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு

இவ்வளவு கட்டுப்பாடுகளோடு நல்ல படம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். மதுரை மாவட்டத்து ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனி குமாரைப் பாருங்கள். மீன் விற்ற தாயின் மகன் அவர். மலம் அள்ளும் தொழிலாளரின் துயரைச் சொன்ன "கக்கூஸ்" ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களையும், தம் தாயின் உழைப்பையும் படங்களாக்கியவர். 2022-இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. அவர் படங்களில் உள்ளவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். பிடிபட்டவரின் திகைப்பு அவற்றில் இல்லை. அந்தப் பார்வையை எந்த விலையுயர்ந்த லென்ஸும் தந்துவிடாது.

இக்கலை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதுமன்று. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராகப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 2011-இல் பத்ம விபூஷண் பெற்றார். நம் நிகாஹ் வைபவங்களில் பெண்கள் பகுதியில் படமெடுக்கப் பெண் ஒருவர் வேண்டுமென்று எத்தனையோ குடும்பங்கள் தேடுகின்றன. ஆர்வமுள்ள மகளிடம் கேமராவைக் கொடுங்கள். அது நாளை அவளுக்கு ஒரு தொழிலாகவும் ஆகலாம்.

கேமரா வாங்கிய முதல் மாதம் ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் பத்துப் படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று நீங்களே ஒரு வரம்பு விதித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் சிறந்த படம் ஒன்றைத் தேர்ந்து, ஸ்டூடியோவில் அச்சிட்டு, அதில் இருக்கும் தேநீர்க் கடைக்காரரிடமோ மூட்டைத் தொழிலாளியிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். பெற்ற அமானிதத்தை உரியவர் கையில் சேர்ப்பதற்கு அதைவிட எளிய வழி வேறில்லை. அடுத்த முறை நீங்கள் கேமராவை உயர்த்தும்போது, அவரே உங்களைப் பார்த்து நிமிர்ந்து நிற்பார்.