ஊரே... ஸ்மைல் ப்ளீஸ்!

ரயில் கிடையாது. தேசிய நெடுஞ்சாலை கிடையாது. முனிசிபல் குழாய்த் தண்ணீர் கிடையாது. இப்படி ஒரு ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள்? மெடிக்கல் லீவு போட்டுவிட்டு, மேனேஜர் வீட்டுக்கு ஆப்பிள் பையோடு போவீர்கள்தானே?

ஜப்பானில், ஹொக்கைடோ தீவிலிருக்கும் ஹிகாஷிகாவா அப்படிப்பட்ட ஊர்தான். ஆனால், வெளியூர் ஜனங்கள் அங்கே தேடிப்போய்க் குடியேறுகிறார்கள் சார்! (தண்ணீருக்குக் கவலை வேண்டாம். 2,291 மீட்டர் உயர அசாஹிடாக்கே மலைப் பக்கத்துப் பனி உருகி நிலத்தடிக்கு வருகிறது. வீட்டுக்கு வீடு பம்ப்!)

1980-களில் ஜப்பானில் 'ஒரு கிராமம், ஒரு பொருள்' என்று ஒரு அலை. ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டு விற்கக் கிளம்பினார்கள். நெல்லும் மரச்சாமான்களும் பிழைப்பாக இருந்த ஹிகாஷிகாவா மட்டும் 1985-ல், 'எங்கள் ஊர் போட்டோ ஊர்' என்று அறிவித்தது. கேமரா ஃபேக்டரியா? அதுவும் இல்லை!

நான் பி.காம். இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எனக்கு உதைத்தது. யோசித்தால் புரிகிறது... இதற்குப் பெயர்தான் 'குட்வில்'!

அந்த வருஷமே சர்வதேச போட்டோ விழா, விருதுகள். 1994-லிருந்து பள்ளி மாணவர்களுக்கு தேசியப் போட்டி. டீமுக்கு மூணு பேர். இறுதிச் சுற்றுக்கு வந்த பிள்ளைகள் வயல், வீதி, கடை, கிழவி என்று ஒன்றையும் விடுவதில்லை. 'படமெடுக்க லாயக்கான ஊராகவும் மனுஷர்களாகவும் இருப்போம்' என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். கடைகளில் மரத்தில் செதுக்கிய பெயர்ப்பலகை. 2006-லிருந்து, பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஊர் சார்பில் ஒரு மர நாற்காலி. 2008-லிருந்து, ஊருக்கு நன்கொடை தருகிறவர்களுக்கு 'பங்குதாரர்' என்று பட்டம்!

லாபம்? 1950-ல் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை, 1990-களின் தொடக்கத்தில் ஏழாயிரத்துக்கும் கீழே போனது. பிறகு ஏறி எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் சின்ன ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்கிற காலத்தில்!

எல்லாம் போட்டோ மகிமை என்று எழுதினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். பக்கத்திலேயே அசாஹிகாவா நகரம், ஏர்போர்ட் எல்லாம் உண்டு. ஆனால், அவை இருந்தும்தானே ஜனத்தொகை இறங்கியது? வருஷா வருஷம் யாரோ வந்து ரசித்துப் படமெடுக்கும்போது, 'அட, நம்ம ஊர் இவ்வளவு அழகா?' என்று ஊர்க்காரனுக்கே தோன்றாதா? தோன்றிவிட்டால் அப்புறம் குப்பையைத் தெருவில் கொட்டக் கை வராது.

நாம் கேமராவைப் பார்த்ததும் தலை வாருவோம், சட்டையை இழுத்துவிடுவோம். 'க்ளிக்' ஆனதும் பழைய குருடி கதவைத் திறடி! ஹிகாஷிகாவா, 1985-ல் வாரிய தலையை இன்னும் கலைக்கவில்லை.