மோட்டார் சைக்கிளின் எண்ணெய் மாற்றம்

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர், ரயில் வண்டிகளின் அச்சுகள் சுழலும் தாங்கிகளைப் பற்றிச் சில சோதனைகள் நடத்தினார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்தவாறு சுழன்றது. அதன் மேல் சுமையோடு கவிந்திருந்த தாங்கியில், எண்ணெய் விடுவதற்கென ஒரு துளை இடப்பட்டிருந்தது. அத்துளை வழியாக எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக, அச்சு சுழலத் தொடங்கியதும் உள்ளேயிருந்து எண்ணெய் பொங்கி வெளியே வழிந்தது. டவர் ஒரு தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்தால் ஒரு முளை செய்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது. முடிவில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. தாங்கியின்மேல் ஏற்றியிருந்த சராசரிச் சுமையோ அதில் பாதியளவே!

எண்ணெய் என்பது இரும்பின்மேல் பூசிக்கிடக்கும் வழுவழுப்பு மட்டுமன்று, சுமையைத் தூக்கி நிற்கும் ஒரு தூண் என்பது அன்று புலனாயிற்று. மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் அச்சு, தன்னைத் தொட்டிருக்கும் எண்ணெயையும் உடன் இழுத்துச் செல்கிறது. அச்சுக்கும் தாங்கிக்கும் உள்ள இடைவெளி ஆப்புப் போலக் குறுகிக்கொண்டே போவதால், குறுகிய இடத்தில் புகுத்தப்பட்ட எண்ணெய் நசுங்கி அழுத்தம் மிகுகிறது. அவ்வழுத்தமே உலோகத்தை உலோகத்தின்மேல் படாமல் தூக்கி நிறுத்துகிறது. இவ்வேலைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று வேகம், மற்றொன்று எண்ணெயின் பிசுப்புத்தன்மை. வேகத்தை எஞ்சினே தரும். பிசுப்புத்தன்மையைக் காப்பது வண்டி வைத்திருப்பவரின் கடமை.

நாம் நாள்தோறும் காணும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் 4,000 முறை மேலேறி 4,000 முறை கீழிறங்குகிறது. அதற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே நிற்பது, மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலமே. அப்படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

எண்ணெய் ஏன் கெடுகிறது? எண்ணெயில் பெரும்பகுதியான மூல எண்ணெய் எளிதில் அழிவதில்லை. அதில் சேருவனவும், அதிலிருந்து தீர்ந்துபோவனவுமே கேட்டுக்குக் காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே சென்றுவிடுகிறது. எனினும் சிறு பகுதி, கரியோடும் எரியாத பெட்ரோலோடும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எண்ணெயில் கலக்கிறது. நீண்ட தூரம் ஓடி நன்றாகச் சூடேறும் வண்டியில் அந்நீர் மீண்டும் ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும், கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குமாக ஒரு கல் தொலைவு மட்டுமே ஓடும் வண்டியில் அது தங்கிவிடும். தங்கி, அமிலத்துக்கு இடம் கொடுக்கும். ஆகவே, குறைவாக ஓட்டும் வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டுவதில்லை என்று கருதுவது பொருந்தாது. கையேட்டில் கிலோமீட்டர் கணக்கோடு மாதக் கணக்கும் குறித்திருப்பது இதனாலேயே. இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு.

எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகையால் கெட்டுவிட்டது என்று சொல்வாரும் உளர். கரியைத் தன்னுள் மிதக்கவைத்து, ஓரிடத்தில் படியவிடாமல் சுமந்து திரிவது எண்ணெயில் சேர்த்துள்ள கழுவு பொருள்களின் வேலை. கறுத்த எண்ணெய் வேலை செய்திருக்கிறது என்றுதான் பொருள். அஞ்சத்தக்க நிறம் வேறொன்று: பாலும் காப்பித் தூளும் கலந்தாற்போன்ற வெளிர் நிறம். அது நீர் கலந்ததற்கு அறிகுறி.

இனி, எந்த எண்ணெய் என்னும் கேள்வி. இதில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் உருவாக்கிய பழைய புல்லட் வண்டியில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு ஒன்று, கிளட்சும் முதற்சங்கிலியும் இருக்கும் பெட்டிக்கு மற்றொன்று என மூன்று தனித்தனி அறைகள் இருந்தன. ஒன்றின் அழுக்கு மற்றொன்றுக்குச் செல்லாது. 2009-இல் வெளிவந்த கிளாசிக் வண்டியில் அவை ஒன்றாக்கப்பட்டன. நம் சாலைகளில் ஓடும் 100 சி.சி. வண்டிகளிலும் இதே முறைதான். ஒரே எண்ணெய் பிஸ்டனைத் தாங்க வேண்டும்; கியர்ப் பற்களின் நசுக்கலைப் பொறுக்க வேண்டும்; கிளட்சுத் தகடுகளை நனைத்தும் அவற்றை வழுக்கவிடாமல் இருக்க வேண்டும். வழுக்கச் செய்வதும் வழுக்காதிருக்கச் செய்வதும் ஒரே திரவத்தின் பொறுப்பு! இது வேடிக்கைபோல் தோன்றினும், பொறியியலில் இதனினும் கடினமான சமரசங்கள் சிலவே.

கார்களுக்கென வரும் எண்ணெய்களில், பெட்ரோலை மிச்சப்படுத்தும் பொருட்டு உராய்வைக் குறைக்கும் மருந்துகள் சேர்க்கப்படுவதுண்டு. அவற்றை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் நழுவக்கூடும். எஞ்சின் சீறும், வண்டியோ அதற்கேற்ப முன்னேறாது. இக்குறையைத் தவிர்க்கவே ஜப்பானியர் 1998-இல் ஜாசோ என்னும் தரத்தை வகுத்தனர். டப்பாவின்மேல் ‘ஜாசோ எம்.ஏ.’ என்றோ, அதன் பிரிவாகிய ‘எம்.ஏ.2’ என்றோ இருந்தால், அது நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. ‘எம்.பி.’ என்றிருப்பது ஸ்கூட்டர்களைப் போன்று, எஞ்சின் எண்ணெயில் கிளட்ச் நனையாத வண்டிகளுக்கு உரியது.

டப்பாவில் 10 டபிள்யூ 30, 15 டபிள்யூ 50 என்பன போன்ற எண்களும் இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் காட்டுவது. உறைபனி காணாத நம் சமவெளிகளில் அதுபற்றி மிகுதியாகக் கவலைப்பட வேண்டுவதில்லை. பின்னுள்ள எண், 100 பாகை வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு பிசுப்போடு நிற்கும் என்பதற்கு அளவு. காற்றால் குளிரும் பெரிய ஒற்றைச் சிலிண்டர் கொண்ட அந்த கிளாசிக்குக்கு 50-ஐயும், 100 சி.சி. ஸ்ப்ளெண்டருக்கு 30-ஐயும் அவற்றைச் செய்தவர்களே தேர்ந்திருக்கிறார்கள். கெட்டியான எண்ணெய் உயர்ந்தது என்று எண்ணி, 30-க்கு மாறாக 50-ஐ ஊற்றுவது அறிவுடைமையாகாது. சிறு துளைகள் வழியே அது மேற்பகுதிக்கு ஏறக் காலம் பிடிக்கும். அக்காலத்தில் கேம் தண்டு வறண்டு சுழலும்.

வேலையைத் தொடங்குவோம். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, திறந்த வெளியில் எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிடுக. மூடிய அறையில் ஓட்டுதல் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும் நஞ்சு. வெதுவெதுப்பான எண்ணெய் தளர்ந்து ஓடும், அழுக்கையும் உடன் கொண்டுவரும். நெடுந்தூரம் ஓடிவந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அடியில் அகன்ற தட்டை வைத்து, மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, அடியிலுள்ள வடிகால் போல்ட்டைச் சரியான அளவுள்ள ஸ்பானரால் தளர்த்துக. கடைசிச் சுற்றுகளைக் கையுறை அணிந்த கையால், போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியவாறே கழற்றினால் அது தட்டுக்குள் விழாது. சொட்டு நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

அவ்விடைவேளையில் போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் அதன் நுனி காந்தமாக இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி வழக்கமான தேய்மானம். அதற்காக மனம் கலங்க வேண்டுவதில்லை. செதில் செதிலாகவோ நெருநெருவென்றோ உலோகத் துணுக்குகள் அகப்பட்டால், புதிய எண்ணெயை ஊற்றி மறைத்துவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டுக.

வடிகட்டி எல்லா வண்டிகளிலும் ஒன்றுபோல் இராது. பழைய புல்லட்டில் கம்பளி போன்ற ஃபெல்ட் உறை ஒன்று இருந்தது. கிளாசிக்கில் எஞ்சினின் வலப்பக்கச் சிறு மூடிக்குள் மடிப்பு மடிப்பாக அமைந்த காகித வடிகட்டி இருக்கிறது. மடிப்பின் நோக்கம், சிறு இடத்தில் மிகுந்த பரப்பைப் பெறுவது. ஸ்ப்ளெண்டரைப் போன்ற வண்டிகளில் காகிதமே கிடையாது. கம்பிச் சல்லடை ஒன்றும், கிராங்க் தண்டோடு சுழலும் ஒரு சிறு கிண்ணமும் உண்டு. தயிர் கடைகையில் வெண்ணெய் பிரிவதை அறிவீர்கள். இங்கே நேர்வது வேறு. சுழலும் வேகத்தில் கனமான அழுக்கு வெளிப்புறமாக எறியப்பட்டுக் கிண்ணத்தின் சுவரில் களிபோல் அப்பிக்கொள்கிறது. தெளிந்த எண்ணெய் நடுவழியே போகிறது. அக்கிண்ணத்தைத் துலக்க எஞ்சினின் பக்கமூடியைத் திறக்க வேண்டுமாதலால், அதைப் பழகாதவர் மெக்கானிக்கிடம் விடுவது நன்று.

காகித வடிகட்டியை மாற்றும்போது கருத்துடன் நோக்க வேண்டியது திசை. பல வடிகட்டிகளில் ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருக்கும். தலைகீழாக வைத்தால் எண்ணெய்ப் பாதை அடைபட்டு, எஞ்சின் சில நிமிடங்களில் பாழாகும். பழையதைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் உள்ளே இருந்தது, சுருள்வில் இருந்தால் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்க. ரப்பர் வளையத்தைப் புதிதாக்கி, அதன்மேல் ஒரு துளி எண்ணெய் தடவிப் பொருத்துக.

பிறகு வடிகால் போல்ட். அதன் வாஷர் மென்மையான உலோகம். ஒருமுறை நசுங்கியே கசிவைத் தடுப்பது. சில ரூபாய்களில் கிடைப்பதைப் புதிதாகவே போடலாம். போல்ட்டை முதலில் விரலால் மட்டுமே திருக வேண்டும். எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. கோணலாக ஏறினாலும், அளவுக்குமேல் இறுக்கினாலும் தோற்பது அலுமினியமே. இதனால் மரை அழிந்து, நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் முடிந்த வண்டிகள் பல. கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்குவதே சிறந்த வழி.

புதிய எண்ணெயை அளந்து ஊற்றுக. 100 சி.சி. வண்டிக்கு ஒரு லிட்டருக்குள் அடங்கும். புல்லட்டுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். கையேட்டு அளவில் சிறிது குறைத்தே ஊற்றி, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி, நிறுத்திச் சில நிமிடம் கழித்து மட்டம் பார்க்க வேண்டும். ஓடும்போது புது வடிகட்டி தன் பங்கைக் குடித்துவிடுவதால் மட்டம் தாழ்ந்திருக்கும். அளவுகோலைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்; ஸ்ப்ளெண்டரில் திருகாமல் பார்க்க வேண்டும். மிகுதியாக ஊற்றுவதும் தீங்கே. சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் சுமை தாங்க இயலாது.

வண்டியின் வேலை முடிந்தது. தட்டில் இருக்கும் கறுப்பு எண்ணெயின் வேலை முடியவில்லை. வீட்டில் செய்பவருக்கும் பட்டறையில் செய்பவருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வேலியோரத்தில் கொட்டுவதும், சாக்கடையில் விடுவதும், கரையானுக்கென்று மரத்தூண்களில் பூசுவதும் நம் ஊர்களில் காணும் வழக்கம். ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. கிணறும் ஆழ்துளைக் குழாயும் வீட்டுக்கு வீடு உள்ள ஊரில் இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. தொடர்ந்து தோலில் பட்டால் அது புற்றுநோய் விளைவிப்பதைச் சோதனை எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஆதலின் கையுறையும் சோப்பும் வீண் நாகரிகமல்ல. இந்தியாவில் 2016-இன் விதிகள் இதனை அபாயக் கழிவுகளுள் வைத்துள்ளன.

ஆயினும் மூல எண்ணெய் எளிதில் அழிவதில்லை என்று முன்பே கண்டோம். உரிமம் பெற்ற ஆலைகளில் அழுக்கையும் நீரையும் நீக்கினால் அது மீண்டும் எண்ணெயாகும். அதற்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், நீர் எதுவும் கலவாமல் இருக்க வேண்டும். புதிய எண்ணெய் வந்த அதே டப்பாவில் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடி, பிறர் புதியதென்று மயங்காதிருக்கப் ‘பழைய எண்ணெய்’ என்று பெரிதாக எழுதுக. வடிகட்டியை ஓரிரவு தட்டின்மேல் கவிழ்த்து வைத்தால் அதிலுள்ளதும் வடிந்துவிடும். இவை இரண்டையும், பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும் பட்டறையில் கொண்டு போய்க் கொடுக்கலாம். புதிய டப்பா வாங்கும்போதே, பழையதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது வசதி.