ஒரே கொசு, இரு குடும்பங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வெட்டவெளியில் கிடக்கும் பழைய டயர்களிலும் மூடாத தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிட்டுப் பெருகும் ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசு, டெங்கு, சிக்குன்குனியா ஆகிய இரு காய்ச்சல்களையும் பரப்புகிறது. பரப்புவது ஒரே கொசு, தொடக்க அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இவ்விரண்டையும் ஓரினமாகக் கருதுவது இயல்பே. பூச்சிகளால் பரவும் வைரஸ்களை எல்லாம் ‘ஆர்போவைரஸ்’ என்று அறிவியலாளர்களும் ஒரு காலத்தில் ஒன்றாகவே தொகுத்திருந்தனர். ஆயினும், உள்ளமைப்பை ஆராயும்போது இவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பது தெளிவாகிறது.

வைரஸ் ஒரு செல் அன்று, டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. ஆகிய மரபுப்பொருளும், அதைப் பொதிந்து காக்கும் ‘கேப்சிட்’ எனப்படும் புரதக்கூடும் சேர்ந்ததே அதன் அடிப்படை வடிவம். சில வைரஸ்கள், தாம் பெருகிய செல்லிலிருந்து பெற்ற கொழுப்புச் சவ்வைக் கேப்சிட்டுக்கு மேல் உறையாகக் கொண்டிருக்கும். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா வைரஸ்கள் இத்தகையவை. இந்த உறை சோப்புப் பட்டால் சிதைந்துவிடும். உறையில்லாத போலியோ வைரஸ் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலை அடையவும், மாசுபட்ட நீரின் வழியே பரவவும் அதற்கு அந்த உறுதியே துணைநிற்கிறது.

மரபுப்பொருளிலிருந்து புரதம் செய்வதற்கான தூது ஆர்.என்.ஏ. எவ்வழியில் உருவாகிறது என்பதைக் கொண்டு வைரஸ்களைப் பிரிக்கும் முறையை 1971இல் டேவிட் பால்டிமோர் வகுத்தார். அம்முறையின் இன்றைய ஏழு பிரிவுகளில் டெங்குவும் சிக்குன்குனியாவும் நான்காவதில் அடங்கும். இரண்டின் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வும் செல்லுக்குள் நுழைந்தவுடன் நேரடியாகத் தூது ஆர்.என்.ஏ.வாகவே செயல்படும். ஒற்றுமை அதோடு முடிகிறது. ஃபிளாவிவிரிடே குடும்பத்தைச் சேர்ந்த டெங்கு வைரஸ், ஏறக்குறைய 10,700 எழுத்துகள் கொண்ட தன் இழை முழுவதையும் ஒரே நீண்ட புரதமாக்கிப் பின்னர் துண்டாக்கிக்கொள்கிறது. கேப்சிட், உறை ஆகியவற்றுக்கான புரதங்கள் அதன் தொடக்கத்தில் அமைந்துள்ளன. டோகாவிரிடே குடும்பத்தைச் சேர்ந்த சிக்குன்குனியாவிலோ அவை இழையின் பின்பகுதியில் உள்ளன. அவற்றை உருவாக்கத் தனியாக ஒரு சிறிய ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது. முதிர்ந்த டெங்கு வைரஸின் மேற்பரப்பில் 180 உறைப்புரதங்கள் படுத்த நிலையில் இருப்பதால் அது வழவழப்பாகவும், சிக்குன்குனியா 80 கூர்முனைகளோடும் காணப்படுகின்றன. கொசுவே தேவைப்படாமல் இரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் சி வைரஸ்தான் டெங்குவுக்குக் குடும்ப உறவு என்பது வியக்கத்தக்கது.

இப்பாகுபாட்டின் பயனை அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்விலேயே காணலாம். 2017–18இல் 15 மாநிலங்களில் 12,300 பேரிடம் திரட்டப்பட்ட இரத்த மாதிரிகளில் இவ்விரு வைரஸ்களுக்கும் எதிரான எதிர்ப்புப் புரதங்கள் தனித்தனியே தேடப்பட்டன. நாடு முழுவதும் 48.7 விழுக்காட்டினர் டெங்குவுக்கும், 18.1 விழுக்காட்டினர் சிக்குன்குனியாவுக்கும் முன்பே ஆளாகியிருந்தனர் என மதிப்பிடப்பட்டது. தென் மாநிலங்களில் இவை முறையே 76.9, 43.1 விழுக்காடு. குடும்பம் வேறு என்பதால் ஒன்றின் எதிர்ப்புப் புரதம் மற்றதன் சோதனையில் பொதுவாகக் குறுக்கிடுவதில்லை. டெங்குவின் நெருங்கிய உறவான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படியன்று; அதற்கு எதிராக உருவான புரதம் டெங்கு சோதனையிலும் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், ஐயம் எழும் மாதிரிகளை உயிருள்ள வைரஸோடு கலந்து, எந்த வைரஸை அது முடக்குகிறது என்று செல் வளர்ப்பில் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது.